ஜோடி இல்லாத நகைச்சுவை நடிகை: மனோரமா பற்றிச் சில குறிப்புகள்

மனோரமா என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது ஒரு எண்ணைத்தான். ஆயிரம் படம், கின்னஸ் புத்தகம். 1500 என்று சொல்பவர்களும் உண்டு. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் வருகிற கட்டுரைகள் எல்லாம் இந்த எண்ணில் ஆரம்பித்து, 'ஆச்சி' என்ற பட்டத்தைத் தொட்டு, ஜில் ஜில் ரமாமணியில் முடிந்துவிடும். எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. ஒரு நடிகையைப் பற்றிப் பேச வந்து அவர் எத்தனை படம் நடித்தார் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், என்ன நடித்தார் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது.

சரி, எண்ணையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் தமிழ்ப் படம் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை', 1958. கின்னஸ் பேச்சு வந்தது 1980களின் நடுவில். 27 வருடத்தில் 1000 படம் என்றால் வருடத்துக்கு 37, மாதத்துக்கு மூன்று. கதாநாயகியாக இருப்பவருக்கு இது நடக்கிற காரியமே இல்லை. டூயட்டுக்கு நாலு நாள், கிளைமாக்ஸுக்கு ஆறு நாள் என்று அவருடைய தேதிகள் படம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். நகைச்சுவை நடிகருக்கு அப்படி இல்லை. அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் 'காமெடி டிராக்' என்பது பெரும்பாலும் தனி வண்டி. என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலிருந்தே வழக்கம் அப்படித்தான். அதற்குத் தனி வசனகர்த்தா, தனி நாட்கள். படம் முக்கால்வாசி முடிந்த பிறகு வாங்க வந்தவர் பார்த்துவிட்டு, "சிரிப்பு கம்மியா இருக்கே" என்று முகம் சுளித்தால், மூன்று நாள் கால்ஷீட் வாங்கி ஒரு டிராக்கை எடுத்து இடையிடையே சொருகிவிடுவார்கள். காலையில் ஒரு ஸ்டுடியோ, மதியம் இன்னொரு ஸ்டுடியோ. கோடம்பாக்கத்துக்கும் வடபழனிக்கும் நடுவே காருக்குள் வசனம் மாற்றிக்கொள்கிற வாழ்க்கை.

ஆக, ஆயிரம் என்பது ஒருவருடைய உழைப்பைக் காட்டுகிற எண்தான். ஆனால் அதைவிட அதிகமாக, தமிழ் சினிமா அவரை எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பதைக் காட்டுகிறது. மூன்று நாள், மூன்று நாளாக.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பட்டியல் தேடுபவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்தி சினிமாவில் வேறொரு மனோரமா இருந்தார். லாகூர்க்காரர், இயற்பெயர் எரின் ஐசக் டேனியல்ஸ். 1972இல் வந்த 'சீதா அவுர் கீதா'வில் ஹேமமாலினியைப் படுத்தி எடுக்கும் கொடுமைக்காரச் சித்தி அவர்தான். நம் மனோரமா பெயரைப் போட்டுத் தேடினால் சில பட்டியல்களில் இருவரும் கைகோத்துக்கொண்டு வருவார்கள்.

*

கோபிசாந்தா என்ற பெயரோடு 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தவர். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையோடு செட்டிநாட்டுப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே வீட்டு வேலை செய்து பிழைப்பு. பெண்ணின் படிப்பும் பாதியில் நின்றது. அந்தப் பிள்ளையும் வீட்டு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

பின்னாளில் தமிழ்நாடே அவரை அழைத்த 'ஆச்சி' என்ற சொல் இந்த ஊரிலிருந்து வந்ததுதான். நகரத்தார் வீடுகளில் வயதில் மூத்த, மதிப்புக்குரிய பெண்மணிக்கு அந்தப் பெயர். பெரிய முகப்பும் வளவும் உள்ள வீட்டில் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அதிகாரம் பண்ணுகிறவர் ஆச்சி. பிழைக்க வந்து அந்த வீடுகளில் வேலை பார்த்த ஒருத்தியின் மகளுக்கு அந்தப் பட்டம் போய்ச் சேர்ந்தது. செட்டிநாட்டில் வளர்ந்ததால் வந்த செல்லப் பெயர் என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வாசலுக்கும் வளவுக்கும் நடுவே உள்ள தூரம் அந்த விளக்கத்தில் விழுந்துவிடுகிறது.

பன்னிரண்டு வயதில் மேடை. புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரம் என்றாலே நாடகம்தான். ஸ்பெஷல் நாடகங்களும் சங்கரதாஸ் சுவாமிகள் மரபும் ஊறிய மண். அங்கே பாடத் தெரியாதவருக்கு வேலை இல்லை. கோபிசாந்தாவுக்குப் பாட்டு வரும். 'மனோரமா' என்று பெயர் மாற்றியவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும். இதில் ஆர்மோனியக்காரர் இருப்பதைக் கவனியுங்கள். கம்பெனி நாடகத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. சுருதி அவர் கையில். யார் எவ்வளவு நேரம் பாடலாம், எங்கே வசனம் எடுக்க வேண்டும், கூட்டம் தூங்கினால் எதை வைத்து எழுப்ப வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் வைத்த பெயரோடு ஒரு நடிகை வாழ்நாள் முழுக்க இருந்தார் என்பது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. மனோரமா வசனம் பேசும்போது எந்த வார்த்தையில் ஏறி எந்த வார்த்தையில் இறங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். யாரோ பக்கத்தில் சுருதி போட்டுக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

அதன் பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம். கருணாநிதியின் 'மணிமகுடம்' போன்ற நாடகங்கள். திராவிட இயக்கம் மேடையைப் பிரசார வண்டியாக ஓட்டிய 1950கள் அது. அண்ணாவும் கருணாநிதியும் தாங்களே வேஷம் கட்டி நடித்தார்கள், இருவரோடும் மனோரமா மேடையேறினார். பின்னால் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் மூவரோடும் திரையில் நடித்ததால், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெருமை இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த நாடகங்களின் தமிழ் நீளமான, அடுக்குமொழித் தமிழ். மூச்சுப் பிடித்துப் பேசி, கடைசி வரிக்குக் கைதட்டல் வாங்க வேண்டும். இடறினால் கூட்டத்தில் உள்ளவனே எடுத்துக் கொடுத்துவிடுவான். அப்படிப் பழகிய நாக்குதான் பத்து வருடம் கழித்து மெட்ராஸ் பாஷை பேசி நம்மைச் சிரிக்க வைத்தது. கொச்சையாகப் பேசும்போதும் ஒரு எழுத்துகூட அவர் வாயில் மழுங்காது. ஒரே மூச்சில் அவர் திட்டித் தீர்க்கும் காட்சிகளில் ஒவ்வொரு வசவும் தனித்தனியாகக் காதில் விழும். அது அடுக்குமொழி மேடை கொடுத்த பயிற்சி என்பது என் ஊகம்.

*

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

மனோரமாவுக்கு முன்னால் தமிழ்த் திரையில் பெண்கள் நகைச்சுவை செய்தார்கள். பெரிய பெரிய ஆட்கள். ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கூடவே இன்னொரு பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். டி.ஏ. மதுரம் என்றால் என்.எஸ். கிருஷ்ணன். சி.டி. ராஜகாந்தம் என்றால் காளி என். ரத்தினம். எம். சரோஜா என்றால் தங்கவேலு. திரையில் ஜோடி, வீட்டிலும் ஜோடி. 1959இல் 'கல்யாணப் பரிசு' பார்த்தவர்களுக்கு மன்னார் அண்ட் கம்பெனியும் அந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டையும் மறக்காது. அந்தக் காலத்தில் ஒரு பெண் கூட்டத்தின் முன்னால் வந்து வாயாடினால், பக்கத்தில் ஒரு புருஷன் நின்று அதற்கு அனுமதி கொடுத்த மாதிரி இருக்க வேண்டியிருந்தது. அவள் யாரோ ஒருவரின் பாதி. விதிவிலக்கு உண்டு. டி.பி. முத்துலட்சுமி யாருடைய நிரந்தரப் பாதியாகவும் இருக்கவில்லை. 'அறிவாளி'யில் தங்கவேலு அவருக்குப் பூரி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் காட்சி இன்றைக்கும் போனுக்குப் போன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவருடைய காலம் அறுபதுகளோடு ஓய்ந்துவிட்டது.

மனோரமா வந்தபோது அவரையும் ஜோடி சேர்க்கத்தான் பார்த்தார்கள். நாகேஷோடு நிறையப் படங்கள், 'அன்பே வா' உட்பட. சோவோடு, தேங்காய் சீனிவாசனோடு, சுருளிராஜனோடு, வி.கே. ராமசாமியோடு. யாரோடு சேர்த்தாலும் நின்றது. ஆனால் யாரோடும் ஒட்டிப் போகவில்லை. நாகேஷ் காலம் போய் சுருளி காலம் வந்தது, சுருளி காலம் போய் கவுண்டமணி காலம் வந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் அதே இடத்தில் நின்றார். வீட்டிலும் அப்படித்தான். கூட நாடகத்தில் இருந்த எஸ்.எம். ராமநாதனை 1964இல் கல்யாணம் செய்தார். இரண்டே வருடத்தில் பிரிவு. கைக்குழந்தையோடு, அம்மாவோடு, தனியாகக் குடும்பம் நடத்தினார். ராமாமிர்தத்துக்கு நடந்ததே மகளுக்கும் நடந்தது. ஒரே வித்தியாசம், இந்தத் தடவை சம்பாதிக்கிற கை பெண்ணுடையது.

கதாநாயகி ஆகவில்லையா என்று கேட்டால், ஆனார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் ஆர்.எஸ். மனோகருக்கு ஜோடி. ஆனால் அந்தப் பாதையில் அவர் தொடரவில்லை. கண்ணதாசன் தன்னை நகைச்சுவை வேஷத்தில் போட்டபோது மனது கஷ்டப்பட்டதாகவும், கதாநாயகி என்றால் சில வருடத்தோடு சரி, இதில் போனால் ரொம்ப நாள் நிற்பாய் என்று அவர் சொன்னதாகவும் மனோரமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கவிஞர் வாக்கு பலித்தது என்று இதைக் கொண்டாடுவது நம் வழக்கம். நான் இதைக் கொஞ்சம் கசப்போடுதான் படிக்கிறேன். அவர் சொன்னது ஜோசியம் இல்லை, தொழில் கணக்கு. தமிழ் சினிமாவில் ஒரு பெண்ணுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்றால் அழகியாக இருக்கிற உரிமையை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 1958இல்தான் 'நாடோடி மன்ன'னில் சரோஜாதேவியையும் தமிழ்நாடு கண்டு மயங்கியது. அவர் கதாநாயகியாகக் கொடிகட்டிப் பறந்தது ஏறக்குறைய பத்து வருடம். மனோரமா 2010இல் 'சிங்கம்' படத்தில் பாட்டியாக நடித்துக்கொண்டிருந்தார்.

*

ஜில் ஜில் ரமாமணியைப் பற்றி எழுதாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். ஆனால் நான் சொல்ல நினைப்பது அந்த வேடிக்கைப் பேச்சைப் பற்றி இல்லை.

'தில்லானா மோகனாம்பாள்' கதையை எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. 'கலைமணி' என்ற பெயரில், கோபுலுவின் படங்களோடு ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1968இல் அதைப் படமாக்கிய ஏ.பி. நாகராஜன் நாடகக் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து பெண் வேஷம் போட்டவர். கதாநாயகன் சிவாஜி, எதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் அடி வாங்கி, பெண் வேஷம் கட்டி வளர்ந்தவர். தவில்காரராக வரும் டி.எஸ். பாலையாவும் நாடகக் கம்பெனி ஆள்தான். இத்தனை பேர் கூடி, நாதஸ்வரக்காரர்களையும் பரதக் கலைஞர்களையும் பற்றி ஒரு படம் எடுக்கிறார்கள். அதில் அவர்களுடைய சொந்த ஜாதியான நாடகக் கம்பெனிக்காரர்களுக்குப் பிரதிநிதியாக வருவது ஒரே ஒரு ஆள். அது ரமாமணி.

படத்துக்குள் ஒரு படிக்கட்டு இருக்கிறது. கோயில் நாதஸ்வரம் மேலே. மோகனாவின் சதிராட்டம் அதற்குக் கீழே, 'தாசி' என்ற ஏச்சோடு. அதற்கும் கீழே, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடுகிற ரமாமணி. சண்முகசுந்தரத்துக்கு மோகனாவின் பரம்பரையைப் பற்றிச் சந்தேகம், அவள் அம்மாவுக்குப் பணத்தாசை, ஜமீன்தார்களுக்கு அவள் மேல் கண். மேல்படிகளில் உள்ளவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டே இருக்கிறார்கள். அளக்காத ஆள் ரமாமணி மட்டும்தான். மோகனாவின் காதலை அவள் புரிந்துகொள்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

மனோரமா அந்த வேஷத்தை எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். மேடையில் ஆடும்போது வேண்டுமென்றே ஒரு மிகை, கண்ணில் ஒரு மினுக்கு, கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய அபிநயம். மேடையை விட்டு இறங்கியதும் தோள் கொஞ்சம் தாழ்கிறது. சண்முகசுந்தரத்தின் முன்னால் நிற்கும்போது, பெரிய வித்வான் எதிரே நாம் யார் என்கிற ஒடுக்கம். அந்த ஒடுக்கத்துக்குள்ளேயே ஒரு தைரியம், பிரியமான உரிமை. நாடகக்காரியின் பகட்டைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், ஆனால் நாடகக்காரியைப் பார்த்துச் சிரிக்க அவர் விடுவதில்லை. இந்த வித்தியாசத்தை வெளியிலிருந்து வந்த ஒருவர் செய்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். கூத்தாடி என்று திண்ணையில் உட்கார்ந்து யாராவது சொல்லியதைக் காதால் கேட்டவருக்குத்தான் அந்தத் தோள் அப்படித் தாழும்.

சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று எல்லோருமே உச்சத்தில் இருந்த படம். அதில் கொஞ்ச நேரமே வந்துபோகும் ஒருவர் இவ்வளவு பேருக்கு நினைவிருக்கிறார். விருது ஏதாவது உண்டா? இதைத் தேடும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. தேசிய விருதுகளில் துணை நடிகை என்ற பிரிவே 1984ஆம் வருடப் படங்களுக்குத்தான் முதலில் வந்தது. அதற்கு முன் அந்த விருதுக்காரர்கள் கணக்கில் நாயகி உண்டு, மற்றவர்கள் கிடையாது. பிரிவு தொடங்கிய சில வருடங்களிலேயே, 1989இல் வந்த பார்த்திபனின் 'புதிய பாதை'க்காக மனோரமா அதை வாங்கினார். தமிழ்ப் படத்துக்காக அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். அப்போது அவருக்கு வயது 52, சினிமாவுக்கு வந்து 31 வருடம்.

*

அவர் பேசிய தமிழ்களைப் பற்றித் தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். சில படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டு எழுதியது. 1967இல் பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. நாகேஷ் அதில் இரட்டை வேஷம். மறு வருடம் 'பொம்மலாட்டம்', வி. குமார் இசை. அதில் மெட்ராஸ் பாஷையிலேயே ஒரு முழுப் பாட்டு, சொந்தக் குரலில் பாடினார். தஞ்சாவூரில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர் ரிக்‌ஷாக்கார வாத்தியாரை விளித்துப் பாட, ராயபுரத்துக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண் என்றே நினைத்தார்கள். பாட்டுப் பாடுகிற தொண்டை பேச்சின் ராகத்தையும் பிடித்துவிடும் போல. 1992இல் 'சின்ன கவுண்டர்', கொங்குத் தமிழ். பல்லை எடுப்பாக வைத்துக்கொண்டு விஜயகாந்துக்கு அம்மாவாக வந்தார்.

இந்த நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது 'சம்சாரம் அது மின்சாரம்', 1986. ஏவி.எம். தயாரிப்பு, விசு இயக்கம். நடுத்தரக் குடும்பம், அதில் வேலைக்காரி கண்ணம்மா. படத்தில் படித்தவர்கள் எல்லோரும் நியாயம் பேசுகிறார்கள், விசு படமாயிற்றே! பேசிப் பேசிக் குடும்பம் இரண்டாகிறது. அப்புறம் கண்ணம்மா சம்பந்தி ஆல்பர்ட் பெர்னாண்டஸ் வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். அதன் பிறகு நடப்பதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. கிஷ்முவும் மனோரமாவும் எதிரெதிரே. அது சண்டைதான், ஆனால் இரண்டு ஆர்மோனியம் போட்டி போடுகிற மாதிரி இருக்கும். இவர் ஒரு வரி ஏற்றுவார், அவர் திணறுவார், இவர் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுவார். பிரிந்த வீட்டை ஒட்டவைப்பதற்காக வேண்டுமென்றே போடுகிற சண்டை அது என்பது நமக்குத் தெரியும். அதனால் கண்ணம்மாவும் நடிக்கிறாள். நடிக்கிற கண்ணம்மாவை மனோரமா நடிக்கிறார். ஆனால் ஒரு இடத்தில்கூட "பார், நான் சும்மா நடிக்கிறேன்" என்று நம் பக்கம் கண்ணடிப்பதில்லை. வேலைக்காரிக்கு அந்த வீட்டு விஷயத்தில் இருக்கிற அக்கறை முழுசாக அந்தக் குரலில் இருக்கிறது. பள்ளத்தூரில் வீட்டு வேலைக்குப் போன சிறுமிக்கு அப்போது வயது 49.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது, ஆனால் யாரும் அதிகம் எழுதாதது, 1990இல் வந்த 'நடிகன்'. பி. வாசு படம். சத்யராஜ் வேலைக்காகக் கிழவன் வேஷம் போட்டுக்கொண்டு ஒரு பங்களாவுக்குப் பாட்டு வாத்தியாராக வருகிறார். அந்த வீட்டு அத்தை பேபி அம்மா, கல்யாணம் ஆகாமலே வயதானவர், அந்தக் கிழவனைக் காதலிக்க ஆரம்பித்துவிடுகிறார். கதை என்னவோ சுத்தக் கேலிக்கூத்து. வயதான பெண்ணுக்குக் காதல் வந்தால் அது சிரிப்புக்குரியது என்று எழுதப்பட்ட காட்சிகள். மனோரமா அவற்றில் வெட்கப்படுகிறார் பாருங்கள், அந்த வெட்கம் கேலி இல்லை. பதினெட்டு வயதில் வந்திருக்க வேண்டியது ஐம்பதுக்கு மேல் வந்திருக்கிறது, அதை எங்கே வைப்பது என்று தெரியாத தடுமாற்றம். முந்தானையை இழுத்து விடுகிற கை எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். தியேட்டர் சிரித்தது, நானும் சிரித்தேன். ரெண்டாவது முறை பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை. முதல் வருடம்தான் 'அபூர்வ சகோதரர்க'ளில் கமலை வளர்த்த தாய். மறு வருடம் 'சின்னத்தம்பி'யில் பிரபுவின் தாய். நடுவில் இப்படி ஒரு காதலி. சத்யராஜும் கமலும் ஒரே வருடம், 1954இல் பிறந்தவர்கள். ஒருவருக்குத் தாய், ஒருவர் மேல் காதல். இரண்டையும் நாம் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்டோம்.

தொண்ணூறுகளைப் பற்றிச் சொல்லும்போது 1996ஐத் தாண்டிப் போக முடியாது. தேர்தலில் அ.தி.மு.க.வுக்காகப் பிரசாரத்துக்குப் போனார், ரஜினிகாந்தை மேடையில் கடுமையாகப் பேசினார். முடிவு எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு அவருக்கு வாய்ப்புகள் சுருங்கின. நாற்பது வருடத்தில் மழையோ வெயிலோ குறையாத கால்ஷீட் அந்தச் சில மாதங்களில் குறைந்தது. மறு வருடம் ரஜினியின் 'அருணாச்சல'த்திலேயே நடித்தார், பழைய ஓட்டம் திரும்பியது. யார் பெருந்தன்மை என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். ஜோடி இல்லாமல் தனியாக நிற்பவருக்கு ஒரு சின்னக் காற்று எவ்வளவு என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. 2002இல் பத்மஸ்ரீ வந்தது.

2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார், 78 வயது. முதலமைச்சர் ஜெயலலிதா வந்து அஞ்சலி செலுத்தினார். கருணாநிதியும் வந்தார். ஒருவரோடு ஸ்டுடியோவில் நடித்தவர், இன்னொருவரோடு மேடையில் நடித்தவர். ஸ்டுடியோவில் நடித்தவற்றில் ஒரு பகுதியாவது நமக்கு யூடியூபில் கிடைக்கிறது. மங்கலாக இருந்தாலும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பப் பார்க்க முடிகிறது. நான் மேலே எழுதியதெல்லாம் அப்படிப் பார்த்து எழுதியதுதான்.

மேடையில் நடித்தது அப்படி இல்லை. பள்ளத்தூரில் ஆரம்பித்து எஸ்.எஸ்.ஆர். மன்றம் வரையிலான அந்தக் காலத்துக்கு மிஞ்சியிருப்பது பேட்டிகளில் அவர் சொன்னதும், கூட நடித்தவர்கள் எழுதி வைத்ததும், அங்கங்கே பரணில் கிடக்கிற நோட்டீஸும்தான். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் திருவிழா நாடக நோட்டீஸ்களைக் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டு வைத்திருப்பார்கள். மஞ்சள், ரோஸ் காகிதம், மேலே பிள்ளையார் சுழி, நடுவில் நாடகத்தின் பெயர், கீழே "ஸ்திரீ பார்ட்" என்று ஒரு வரி, ஆர்மோனியக்காரர் பெயர் பெரிய எழுத்தில். 1949இலிருந்து 1958 வரைக்கும் உள்ளது எதுவானாலும் சரி, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கையில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அட்டையைப் பிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் ஈரத்துணி வைத்துப் பொறுமையாகப் பிரியுங்கள்.